லெகோவில் வேகமான ஆர்சி வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெகோ டெக்னிக் பாகங்களில் உடம்பு, ஹாபி கடையில் வாங்கிய மோட்டார், அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க 3டி பிரிண்டரில் அடித்த சில துண்டுகள். இந்தக் கலவையில் ரிமோட் வண்டி செய்ய விரும்புபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. வேகம் என்று நான் சொல்வது ஓடிப் பிடிக்க முடியாத வேகத்தை. மெதுவாகப் பாறை ஏறும் வண்டிகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

லெகோவின் சொந்த மோட்டார் போதாதா?

சாதாரண வண்டிக்குப் போதும், வேகத்துக்குப் போதாது. 2007ல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் வரிசையின் எல் மோட்டார், 9 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 390 சுற்று சுற்றும். எக்ஸ்எல் மோட்டார் 220தான். 81.6 மி.மீ. விட்டமுள்ள டயரை எல் மோட்டாரில் நேராக மாட்டினால் கணக்குப்படி மணிக்கு 6 கி.மீ. வரும். வேகமாக நடப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

ஒரே விதிவிலக்கு, 2002ல் 8475 ரேஸ் பக்கி செட்டோடு வந்த மோட்டார். அதில் இரண்டு வெளியீடுகள் உண்டு. ஒன்று 1240 சுற்று, இன்னொன்று 1700. இன்றைக்கும் பழைய பாகம் விற்கும் இடங்களில் அதைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். ஸ்லோவேனியாவின் பூவிஸ் நிறுவனம் அதே பாணியில் ஒரு மோட்டார் செய்து விற்கிறது. லெகோவுக்குள்ளேயே நின்று வேகம் வேண்டும் என்றால் அந்த வழி நல்ல வழி. மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் வேண்டும், அதுவும் காசு அதிகம் போகக் கூடாது என்றால் ஹாபி மோட்டார் பக்கம் வந்துவிடுங்கள்.

பிரஷ் மோட்டாரா, பிரஷ்லெஸ்ஸா?

முதல் வண்டிக்கு பிரஷ் மோட்டார், அதாவது கரித்துண்டுகள் உரசி உள்ளே மின்சாரம் கொடுக்கும் வகை. 380 அல்லது 540 அளவு என்று கேட்டு வாங்குங்கள். இரண்டே வயர், குறைந்த வேகத்தில் திக்காமல் கிளம்பும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியும் மலிவு. அடுத்த வண்டிக்கு பிரஷ்லெஸ், அந்தக் கரித்துண்டுகள் இல்லாத வகை.

பிரஷ்லெஸ் மோட்டாரின் மேல் இருக்கும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 3650 என்றால் 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம், உருளை அப்படியே நிற்கும், உள்ளே தண்டு மட்டும் சுற்றும். 2212 என்று இருந்தால் அது பெரும்பாலும் வெளிக்கூடே சுற்றும் வகை. அதில் 22, 12 என்பவை உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின், அதாவது சுற்றாமல் நிற்கும் சுருள் பகுதியின் அளவு. கூட்டின் வெளிவிட்டம் 28 மி.மீ. வரும். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 1000 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் 7400 சுற்று.

நம் ஊர்க் கல்லூரிகளில் ட்ரோன் ப்ராஜெக்ட் செய்பவர்கள் எல்லாரும் வாங்குவது ஏ2212, 1000 கேவி. மலிவு, எங்கும் கிடைக்கும், வண்டிக்கும் ஆகும். 12 ஆம்பியர் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், 7.4 வோல்ட்டில் கிட்டத்தட்ட 90 வாட். லெகோவின் சாதாரண மோட்டார்கள் தருவது சில வாட் மட்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள். சக்தி சல்லிசாகக் கிடைக்கிறது. அதை டயர் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோவதில்தான் வேலை எல்லாம் இருக்கிறது.

என் வண்டி எவ்வளவு வேகம் போகும்?

காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். வோல்ட்டையும் கேவியையும் பெருக்குங்கள். சுமை ஏறும்போது சுற்று குறையும் என்பதால் அதில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை கியர் விகிதத்தால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்கினால் ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்று வந்துவிடும்.

ஏ2212 மோட்டார், இரண்டு செல் பேட்டரி, 3க்கு 1 கியர், 81.6 மி.மீ. டயர் என்று வையுங்கள். 7400ல் முக்கால் 5550. மூன்றால் வகுத்தால் 1850. டயரின் சுற்றளவு 256 மி.மீ. நிமிடத்துக்கு சுமார் 474 மீட்டர், அதாவது மணிக்கு 28 கி.மீ. நல்ல தரையில் இதை ஒட்டி வரும். கணக்கைவிட ரொம்பக் குறைவாக வந்தால் எங்கோ உராய்வு தின்கிறது என்று பொருள். மோட்டாரை மாற்றுவதற்கு முன் அந்த இடத்தைத் தேடுங்கள்.

முதலில் உடைவது எது?

மோட்டாரை ஒட்டிய முதல் இணைப்பு. அதில் தப்பினால், சாய்ந்த தண்டுகளை இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட். அதிலும் தப்பினால், திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் 12 பல் சாய்வு கியர்கள்.

காரணம் எளிது. ஒரே சக்தியை மெதுவாகச் சுற்றும் தண்டு வழியாக அனுப்பினால் அதில் முறுக்கு விசை அதிகம். வேகமாகச் சுற்றும் தண்டு வழியாக அனுப்பினால் குறைவு. நம்மில் பலர் மோட்டார் வாயிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, அந்தப் பெரிய முறுக்கை மெல்லிய பிளாஸ்டிக் ஆக்சில் (லெகோவின் பிளஸ் வடிவத் தண்டு) வழியாக நாலு சக்கரத்துக்கும் அனுப்புகிறோம். ஆக்சில் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்கிறது. முடிந்தவரை வேகத்தைக் கடைசியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் குறையுங்கள். டெக்னிக்கில் இப்போது 5.4க்கு 1 குறைக்கும் பிளானட்டரி சக்கர ஹப், அதாவது கியர் உள்ளேயே அடங்கிய சக்கர மையம், வருகிறது. அதைப் போட்டால் ஹப் வரைக்கும் உள்ள ஆக்சில்களும் ஜாயின்ட்களும் ஐந்தில் ஒரு பங்கு முறுக்கைத்தான் சுமக்கும். மேலே சொன்ன மோட்டாரை வேறு கியரே இல்லாமல் இந்த ஹப்பில் இணைத்தால் மணிக்கு ஏறக்குறைய 16 கி.மீ. வரும். முதல் நான்குசக்கர வண்டிக்கு இது அருமையான அமைப்பு என்பேன்.

ஆனால் வேகமாகச் சுற்றும் தண்டுக்கு வேறு ஒரு நோய் உண்டு. லெகோ ஆக்சில், பீம் எனப்படும் துளைப் பட்டையின் துளைக்குள் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக உரசிக்கொண்டே சுற்றுகிறது. சில நூறு சுற்றுவரை பாதகமில்லை. பல ஆயிரம் சுற்றில் துளை உருகி ஆக்சிலோடு ஒட்டிக்கொள்ளும். வண்டி திடீரென்று இழுக்கவில்லை, துளையைச் சுற்றிப் பொடிப் பொடியாக ஏதோ உதிர்ந்திருக்கிறது என்றால் அதுதான். அங்கே பேரிங் போட்டே ஆக வேண்டும்.

லெகோ ஆக்சிலுக்கு என்ன பேரிங்?

இரண்டு வழி. இடம் குறைவாக இருந்தால் எம்ஆர்85: உள்விட்டம் 5, வெளிவிட்டம் 8, அகலம் 2.5 மி.மீ. ஆக்சில் 4.8 மி.மீ. என்பதால் லேசாக ஆடும். ஆக்சிலின் மேல் சூடு தாங்கும் கேப்டன் டேப்பை ஒரு சுற்று சுற்றினால் பிடித்துக்கொள்ளும். இடம் இருந்தால் 688 பேரிங் சிறந்தது. அதன் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 16, அகலம் 5. நடுவில் பிளஸ் வடிவத் துளையோடு 8 மி.மீ. குழாய் ஒன்றை பிரிண்ட் செய்து பேரிங்குக்குள் தள்ளி, அதற்குள் ஆக்சிலைச் செருகுங்கள். லெகோ குமிழ்களின் இடைவெளியான 8 மி.மீ.யை ஒரு ஸ்டட் என்போம். 16 மி.மீ. என்பது சரியாக இரண்டு ஸ்டட். மூன்று ஸ்டட் சதுரக் கூட்டுக்குள் சுற்றிலும் 4 மி.மீ. சுவரோடு உட்கார்ந்துவிடும்.

ஹாபி மோட்டாரின் கியர் லெகோ கியரோடு சேருமா?

சேரும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். லெகோ கியர்கள் எல்லாம் மாட்யூல் 1. அதாவது பல் எண்ணிக்கை எவ்வளவோ அவ்வளவு மி.மீ. பிட்ச் விட்டம் (பல் கோர்க்கும் இடத்து விட்டம்), 24 பல் கியருக்கு 24 மி.மீ. பெரிய ஆர்சி கார்களுக்கு விற்கும் எஃகு பினியன்களிலும் (மோட்டார் தண்டில் மாட்டும் சிறு கியர்) மாட்யூல் 1 உண்டு. கேட்டு வாங்கினால் அது லெகோ கியரோடு நேராகப் பல் கோர்த்துக்கொள்ளும். மாட்யூல் 0.5, 0.6, 0.8 என்று சிறிய கார்களின் பினியனும் அதே கடையில் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவை சேராது.

இரண்டு கியரின் பல்லையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மையத்துக்கு மையம் தூரம். 12 பல் எஃகு பினியனும் 36 பல் லெகோ கியரும் என்றால் 24 மி.மீ., சரியாக மூன்று ஸ்டட். 3க்கு 1 விகிதமும் கிடைத்துவிட்டது. 36 பல் கியரின் இரண்டு ஓரமும் சரிவாக இருப்பதால் பல் முழு அகலத்துக்கும் பிடிக்காது. பினியனின் நடுவும் அதன் நடுவும் நேருக்கு நேர் வரும்படி வையுங்கள். பினியனின் துளை அளவையும் பாருங்கள். 540, ஏ2212 இரண்டின் தண்டும் 3.17 மி.மீ. சுற்று. மாட்யூல் 1 பினியன்கள் பெரும்பாலும் 5 மி.மீ. துளையோடு வரும். 3.17 கிடைக்கவில்லை என்றால் இடையில் போடும் பித்தளைக் குழாய் கிடைக்கும்.

பினியனைத் தண்டில் இறுக்கும் தலையில்லாத கிரப் ஸ்குரூவுக்கு, அது கழலாமல் இருக்க ஒரு சொட்டு நீல லாக்டைட் பசை விடுங்கள். தண்டில் அந்த ஸ்குரூ உட்காரும் இடத்தை அரத்தால் லேசாகத் தட்டையாக்கிவிடுங்கள். அரம் போடும்போது மோட்டாரின் காற்றுத் துளைகளை டேப் ஒட்டி மூடுங்கள். இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

லெகோவின் 8 பல் கியரை மோட்டார் பக்கத்தில் போட வேண்டாம். மெல்லிய பல், 90 வாட்டுக்கு ஒரு சுற்று ஓட்டம்கூடத் தாங்குமா என்பது சந்தேகம்.

கியர் கடகடவென்று பல் தாண்டுகிறது. ஏன்?

பெரும்பாலும் பல் தேய்ந்ததால் இல்லை, கியர்கள் விலகுவதால். இந்தப் பற்களின் அழுத்தக் கோணம் 20 பாகை. பல்லைத் தள்ளும் விசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான விசை, இரண்டு கியரையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக்கிக்கொண்டே இருக்கும். மோட்டார் ஒரு பீமிலும் எதிர் கியர் வேறொரு பீமிலும் இருந்தால், இடையில் பீம்களை இணைக்கும் பின்கள் (சிறு முளைகள்) வளைந்து கொடுக்கும், பல் தாண்டும். மோட்டாரையும் எதிர் கியரின் பேரிங்கையும் ஒரே பிரிண்ட் துண்டுக்குள் வையுங்கள். அந்தத் துண்டு உடைந்தாலொழிய தூரம் மாறாது.

அப்படியானால் வண்டி முழுவதையும் பிரிண்ட் செய்துவிடலாமே?

செய்யலாம். அப்புறம் அது லெகோ வண்டி இல்லை, சாதாரண ஆர்சி வண்டி. அதற்கு இதைவிட நல்ல டிசைன்கள் ஆயிரம் இருக்கின்றன.

என் வழக்கம் இது: உலோகமும் லெகோவும் சந்திக்கும் இடத்தில் மட்டும் பிரிண்ட். மோட்டார் மவுண்ட், பேரிங் கூடு, ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கான தாங்கி, சக்கர அடாப்டர். மீதி எல்லாம் லெகோ. மோதி உடைந்தால் பீமை மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு நீளமாக இருந்த வண்டியை நாளைக்குக் குட்டையாக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்காகத்தானே லெகோவில் செய்கிறோம்?

மோட்டார் மவுண்ட் ஏன் தேவை என்பதை 540 மோட்டாரை வைத்தே காட்டலாம். அதன் முகத்தில் இரண்டு எம்3 (3 மி.மீ. போல்ட்) துளைகள், இடைவெளி 25 மி.மீ. லெகோவில் மூன்று ஸ்டட் என்றால் 24. அந்த ஒரு மி.மீ. வித்தியாசத்தால் மோட்டாரை பீமில் நேராகப் பூட்ட வழியில்லை. மோட்டாரின் விட்டம் 36 மி.மீ. ஐந்து ஸ்டட், அதாவது 40 மி.மீ. அகலத்தில் ஒரு கூடு வரைந்தால் பக்கத்துக்கு 2 மி.மீ. சுவர் மிஞ்சும். முகப்பை 4 மி.மீ. தடிப்பில் வையுங்கள். எம்3 போல்ட் 6 அல்லது 8 மி.மீ. நீளத்துக்கு மேல் வேண்டாம். நீளமான போல்ட் உள்ளே போய் சுருளைக் கீறி மோட்டாரையே கொன்றுவிடும். ஏ2212க்கு துளைகள் பிளஸ் வடிவில் 16, 19 மி.மீ. இடைவெளியில் இருக்கும். வெளிக்கூடு சுற்றுவதால் அதைச் சுற்றி நாலு ஸ்டட் அகலம் காலியாக விடுங்கள். வயர் எதுவும் அதில் உரசக் கூடாது.

பின்னும் ஆக்சிலும் பிரிண்ட் செய்யாதீர்கள். லெகோவின் பின் அச்சில் வார்த்தது. பிரிண்ட் செய்தது அடுக்கு அடுக்காக ஒட்டியது. நெருக்கிச் செருகும்போதே அடுக்கு பிரிந்து துளைக்குள் முறிந்து நிற்கும்.

மோட்டார் தண்டில் நேராக ஒரு பிளஸ் துளைக் குழாயை பிரிண்ட் செய்து அழுத்திவிட்டால்?

தண்டு உருண்டை. முதல் நாள் பிடிக்கும். மோட்டார் சூடானதும் பிளாஸ்டிக் இளகி வழுக்கத் தொடங்கும். ரோபோ சக்கரங்களுக்கு விற்கும் 12 மி.மீ. அறுகோணப் பித்தளைக் கப்ளர் ஒன்று வாங்குங்கள். அது கிரப் ஸ்குரூவோடு தண்டைக் கவ்வும். ஒரு பக்கம் 12 மி.மீ. அறுகோணக் குழி, மறுபக்கம் பிளஸ் துளை என்று ஒரு துண்டு பிரிண்ட் செய்தால் முறுக்கு தட்டையான ஆறு முகங்கள் வழியாகப் போகும். அதற்கு வழுக்கத் தெரியாது.

துளை அளவு எவ்வளவு வைப்பது?

லெகோவின் கட்டம் 8 மி.மீ. பின் துளை 4.8. ஆனால் 4.8 என்று வரைந்தால் பிரிண்டரில் சின்னதாகத்தான் வரும். 4.8, 4.9, 5.0, 5.1, 5.2 என்று ஐந்து துளைகளோடு ஒரு சின்னக் கட்டையை முதலில் அடியுங்கள். லெகோ பின் 'டக்'கென்று உட்கார்ந்து, கையால் சுற்ற முடிகிற துளை எதுவோ அதுதான் உங்கள் பிரிண்டரின், உங்கள் ஃபிலமென்ட்டின் (பிரிண்டருக்கு ஊட்டும் பிளாஸ்டிக் இழை) அளவு. ஃபிலமென்ட் மாற்றினால் திரும்பவும் பாருங்கள்.

துளையின் இரண்டு வாயிலும் ஒரு சின்னப் பள்ளம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 6.2 மி.மீ. அகலம், ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த ஆழம். பின்னின் விளிம்பு அதில்தான் பூட்டிக்கொள்கிறது. அதை வரையாமல் விட்டால் பின் உள்ளே போகும், ஆனால் பூட்டாது. ஓட்ட ஓட்டக் கழன்று வரும். பிரிண்டின் முதல் அடுக்கு பிதுங்கி இந்தப் பள்ளத்தை அடைப்பதும் வாடிக்கை. பிரிண்டருக்குக் கோப்பைத் தயார்செய்யும் ஸ்லைசர் மென்பொருளில் முதல் அடுக்கை உள்ளே இழுக்கும் அமைப்பு இருக்கிறது, 0.1 அல்லது 0.2 மி.மீ. கொடுங்கள். துண்டின் தடிப்பு 8 அல்ல, 7.8. முழு எட்டு வைத்தால் பக்கத்துப் பீமோடு இடிக்கும்.

துளைகள் மேல்நோக்கி இருக்கும்படி பிரிண்ட் செய்தால்தான் வட்டம் வட்டமாக வரும். படுக்கையாக வரும் துளையின் மேல்பக்கம் தொங்கிவிடும். இரண்டு திசையிலும் துளை தேவைப்பட்டால், அதிகம் சுமை ஏறும் துளைகளுக்கு முன்னுரிமை கொடுத்து, மற்றவற்றை 4.8 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் சுற்றிச் சரிசெய்யுங்கள்.

எந்த ஃபிலமென்ட்?

அளவு பார்க்க பிஎல்ஏ. ஓட்டுவதற்கு பிஇடிஜி. பிஎல்ஏ ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். கத்திரி வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போனாலே வளைந்துவிடும். சூடான மோட்டாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிஇடிஜி 80 வரை நிற்கும். அதோடு மோதும்போது சட்டென்று முறியாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஏபிஎஸ் இன்னும் மேல், 100ஐத் தாண்டும். மூடிய பிரிண்டர் இல்லாதவர்களுக்கு அது ஓரம் தூக்கிக்கொண்டு உயிரை வாங்கும். லெகோ பிரிக்கே 1963லிருந்து ஏபிஎஸ்தான் என்பது உண்மை. அது அச்சில் உருக்கி வார்ப்பது என்பதால் நமக்கு வரும் தொல்லை அதற்கு இல்லை.

இன்ஃபில் (துண்டின் உள்ளே நிரப்பும்) சதவீதத்தைக் கூட்டுவதைவிட சுவர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நாலைந்து சுவர் வைத்தால் துளைகளைச் சுற்றி எல்லாம் கெட்டியாகிவிடும்.

ஸ்டீயரிங்குக்கு எந்த சர்வோ?

எஸ்ஜி90 வேண்டாம். அதன் பிளாஸ்டிக் பற்கள் முதல் மோதலிலேயே போய்விடும். சின்ன வண்டிக்கு அதே அளவில் உலோகப் பல் கொண்ட எம்ஜி90எஸ். ஒரு கிலோவுக்கு மேல் எடை என்றால் எம்ஜி996ஆர் போன்ற முழு அளவு சர்வோ. சின்னது ஏறக்குறைய 3க்கு 1.5 ஸ்டட், பெரியது 5க்கு 2.5 ஸ்டட் இடம் எடுக்கும். இரண்டுமே லெகோ கட்டத்துக்குக் கிட்டத்தட்ட அளவெடுத்த மாதிரி அமைந்தது நம் அதிர்ஷ்டம். லெகோ துளையோடே வரும் கீக்சர்வோ என்று ஒன்றும் உண்டு. லேசான வண்டிகளுக்கு அது சௌகரியம்.

சர்வோ தண்டின் நுண்ணிய பற்களை பிரிண்ட் செய்ய முயல வேண்டாம். பெட்டியிலேயே வட்டத் தகடு ஒன்று வரும். அது உட்காரும் குழியோடு ஒரு லெகோ கையை பிரிண்ட் செய்து சின்ன ஸ்குரூ போட்டுப் பூட்டிவிடுங்கள். இணைக்கும் முன் சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும், மறுபக்கம் பாதியோடு நிற்கும்.

இஎஸ்சி வாங்கும்போது என்ன பார்ப்பது?

"பின்னால் போகுமா?" என்று கேளுங்கள். ஏ2212 மோட்டாரோடு சேர்த்து விற்கும் 30 ஆம்பியர் இஎஸ்சி விமானத்துக்கானது. அது முன்னால் மட்டும்தான் சுற்றும். வண்டிக்குத் தேவையான பிரேக்கும் இருக்காது. கார் இஎஸ்சி என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். மோட்டாரின் உச்ச ஆம்பியரைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்க வேண்டும்.

சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கொஞ்சம் திக்கும். அது இயல்பு. நாலைந்து முறை முன்னும் பின்னும் துடித்த பிறகுதான் நகர்கிறது என்றால் கியர் விகிதம் போதவில்லை. மோட்டாருக்குச் சுமை அதிகம்.

பேட்டரி?

இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்), 7.4 வோல்ட், 1500 எம்ஏஎச், 30சி. லெகோ வண்டிக்கு இது தாராளம். 1.5ஐ 30ஆல் பெருக்கினால் 45 ஆம்பியர் வரை தரும் என்று எழுதியிருக்கிறார்கள். பாதி தந்தாலே போதும். சராசரியாக 8 ஆம்பியர் இழுத்தால், முழுவதும் வடிக்காமல் ஒன்பது நிமிடம் ஓட்டலாம். மூன்று செல் போட்டால் வேகம் ஒன்றரை மடங்காகும், உடைவது அதைவிடக் கூடும்.

செல் ஒன்றுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். ஓடும்போது 3.2க்குக் கீழே போக விடாதீர்கள்; இஎஸ்சியில் அதற்கான அமைப்பு இருக்கும், லைப்போ என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். ஒரு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் 3.8ல் வைத்துவிடுங்கள். செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் இல்லாமல் சார்ஜ் செய்யக் கூடாது. பக்கத்தில் ஆள் இல்லாமலும் கூடாது. உப்பிய பேட்டரி எவ்வளவு புதிதானாலும் குப்பைதான், அதுவும் மின்கழிவுக் குப்பை. வண்டியில் அதை வயிற்றுப் பகுதியில், நாலு பக்கமும் பீம் சூழ்ந்த பெட்டிக்குள் வையுங்கள். முன் பம்பருக்குப் பின்னால் பேட்டரி வைத்த வண்டிகளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், கைப்பையில் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். தனி லித்தியம் பேட்டரியை விமானத்தில் செக்-இன் பெட்டியில் போட அனுமதி இல்லை.

ரேடியோ?

2.4 கிகாஹெர்ட்ஸ் செட் எதுவானாலும் சரி. பத்துப் பேர் ஒரே இடத்தில் ஓட்டினாலும் ஒன்றோடொன்று குழம்பாது. போனில் ப்ளூடூத் வழியாக ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: மெதுவான வண்டிக்குச் சரி. வேகமான வண்டியைக் கண்ணாடித் திரையில் விரல் தடவி ஓட்டுவது வேலைக்காகாது. கண்ணை வண்டியிலிருந்து எடுக்காமல் விரலால் உணரக்கூடிய குச்சியோ சக்கரமோ வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒரு சோதனை. சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி ஒரு கட்டையின் மேல் வையுங்கள். பாதி ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டே ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நின்றால் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு, சரி. தொடர்ந்து சுற்றினால் அதைச் சரிசெய்யாமல் வெளியே கொண்டுபோகாதீர்கள். போடும்போது முதலில் ரிமோட், பிறகு வண்டி. அணைக்கும்போது முதலில் வண்டி.

லெகோ டயர் தாங்குமா?

மணிக்கு 20 கி.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் டயர் விரிந்து ரிம்மிலிருந்து கழன்று ஓடும், ஏனென்றால் அது வெறும் இறுக்கத்தில் நிற்கிறது. பசை போட்டு ஒட்டலாம். லெகோவில் பசையா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். எனக்குப் பிடித்த வழி வேறு. ஆர்சி கார்களின் டயர்களுக்கு நடுவில் 12 மி.மீ. அறுகோணக் குழி இருக்கும். மேலே சொன்ன அதே அறுகோணத்தில் ஓர் அடாப்டர் அடித்தால் ரிம்மோடு ஒட்டிய ரப்பர் டயர்களை நேராக மாட்டிவிடலாம். தார்ச்சாலையில் பிடிப்பு லெகோ டயரைவிட எவ்வளவோ மேல். பிடிப்பு கூடினால் கியர்களுக்கு வரும் அதிர்ச்சியும் கூடும். லெகோ டயர் வழுக்குவது சில சமயம் கியர்பாக்ஸைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

டிஃபரன்ஷியல் கட்டாயமா?

இல்லை. மண் தரையில் பின் ஆக்சிலை நேராகவே விட்டுவிடுங்கள்; வாலை ஆட்டிக்கொண்டு திரும்புவது பார்க்கவும் நன்றாக இருக்கும். தார்ச்சாலைக்கு வேண்டும் என்றால் ஆர்சி காரின் உலோக டிஃபரன்ஷியலை பிரிண்ட் செய்த கூட்டுக்குள் வையுங்கள்.

எங்கே ஓட்டுவது? ஆபத்தா?

ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, அதே வண்டியை ஆறு மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். இரண்டாவது மாடிப் பால்கனி உயரம். 20 கி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர்தான். வேகம் இரட்டித்தால் அடி நாலு மடங்கு. அந்தக் கூர்மையான பிளாஸ்டிக் மூலை ஒரு குழந்தையின் கணுக்காலில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் வேண்டாம். ஆளில்லாத காலை நேரத்து மைதானம் சிறந்தது. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் தண்ணீர் போகும் ஓட்டைகளைக் கவனியுங்கள். வண்டிக்கு நுரை ஸ்பாஞ்ச் பம்பர் வைப்பது அழகைக் கெடுக்கும்தான், வையுங்கள்.

சீன பிரிக்குகள் பயன்படுத்தலாமா?

காடா, மோல்ட் கிங் பாகங்கள் லெகோவோடு பொருந்தும். சட்டத்துக்கு அவை தாராளமாகப் போதும். கியர், ஆக்சில், ஜாயின்ட் மட்டும் நல்லதாக வாங்குங்கள். அலுமினிய ஜாயின்ட்களும் உலோக ஆக்சில்களும் தனியாக விற்கிறார்கள். எல்லாவற்றையும் உலோகமாக்கினால் அடுத்து உடைவது பீம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரிண்டர் இல்லை. எங்கே போவது? பாகங்கள் எங்கே?

கோப்பை அனுப்பினால் அடித்துக் கூரியரில் அனுப்பும் கடைகள் எல்லாப் பெரிய ஊரிலும் வந்துவிட்டன. எடைக்கும் நேரத்துக்கும் காசு வாங்குவார்கள். மோட்டார் மவுண்ட் சின்னத் துண்டு என்பதால் கையைக் கடிக்காது. "பிஇடிஜி, ஐந்து சுவர், துளை மேல்நோக்கி" என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் பிஎல்ஏவில் இரண்டு சுவரோடு வரும். வரைய டிங்கர்கேட் மென்பொருள் போதும். கொஞ்சம் பழகியபின் ஃப்ரீகேட்.

மோட்டார், சர்வோ, பேரிங் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். மாட்யூல் 1 பினியன் மட்டும் பெரும்பாலும் ஆன்லைனில்தான்.

நன்றாக ஓடிக்கொண்டே இருக்கிறது, திடீரென்று சில நொடி நின்று மறுபடி கிளம்புகிறது. என்ன கோளாறு?

நிற்கும்போது ஸ்டீயரிங் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டீயரிங் திரும்புகிறது, மோட்டார் மட்டும் நிற்கிறது என்றால் இஎஸ்சி சூட்டில் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது, அல்லது பேட்டரி குறைந்துவிட்டது. மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். சில நொடி விரல் வைக்க முடியாத சூடு என்றால் கியர் விகிதத்தைக் கூட்டுங்கள். சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 பாகைக்கு மேல் நிரந்தரமாகவே வலுவிழக்கும்.

ஸ்டீயரிங்கும் சேர்ந்து செத்தால், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு மின்சாரம் போகவில்லை. பெரிய சர்வோ ஒன்று மோட்டாரோடு ஒரே நேரத்தில் இழுக்கும்போது இஎஸ்சியிலிருந்து வரும் 5 வோல்ட் சரிந்து ரிசீவர் அணைந்து எழுகிறது. சர்வோவுக்கும் ரிசீவருக்கும் சேர்த்துத் தனியாக 3 ஆம்பியர் பிஇசி (பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுத்துத் தரும் சிறு சுற்று) ஒன்று போடுங்கள், இஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் சிவப்பு வயரைக் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள்.